ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கியவள்

புதிதாக ஆங்கிலப் பாடம் எடுக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

தேனியில் உங்களுக்கு நடந்த பயிற்சியில் கடைசி ஒரு மணி நேரம் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பணி ஓய்வு பெற்றவர், அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். பாதியிலேயே டீயும் வடையும் வந்துவிட்டன. வடையோடு யார் போட்டி போடுவது? விட்ட இடத்திலிருந்து இங்கே எழுதி முடிக்கிறேன். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் எல்லார் கையிலும் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதில் ‘சியர் ஆன்’ என்றும் ‘எக் ஆன்’ என்றும் இரண்டு ஆங்கிலச் சொற்கள், இரண்டுக்கும் நேரே ஒரே பொருள்: ஊக்குவித்தல். இது தப்பு என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி சிரித்த முகமாக, “பரீட்சைக்கு இது போதும் மேடம்” என்றார். போதுமாம்! எனக்குச் சுருக்கென்று ஏறியது. அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் கிடந்து ஒரு பிள்ளை இரண்டு வருஷம் சீரழிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். எனக்கு எப்படி அய்யா போதும்?

ஓடுகிறவனுக்குத் தெம்பு வரட்டும் என்று குரல் கொடுப்பது சியர் ஆன். ஒருவனால் ஆகாததை, ஒருவன் செய்யக் கூடாததை, செய் செய் என்று ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பது எக் ஆன். இதற்கு அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. நம் ஊரில் உசுப்பேத்துறது என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் இருக்கிறது. மைதானத்தில் இரண்டு பயல்கள் கட்டிப் புரளும்போது சுற்றி நின்று “அடிலே, விடாதலே” என்று கத்துகிறானே, அவன் செய்வது ஊக்குவித்தலா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இதை வகுப்பில் விளக்க வரவில்லை. ‘எக்’ என்றதும் பிள்ளைகள் முட்டை முட்டை என்று சிரித்தார்களே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு மூத்த ஆங்கில ஆசிரியர் இருந்தார். பெயர் வேண்டாம், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் மனுஷனுக்கு உயிர். வகுப்பில் நான் பட்ட பாட்டை அவரிடம் சொன்னேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சின்னமனூர்ப் பக்கம் திருவிழாப் பந்தயம் நடந்தது. வீட்டம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய் ரோட்டோரம் நிறுத்தினார்.

“அங்கன பாருங்க டீச்சர். வண்டி மேல உக்காந்திருக்கவன் சாரதி. கீழ மாட்டோட சேந்து ஓடுறான் பாருங்க, அவன் துணைச்சாரதி. மாட்டுக்குச் சத்தம் குடுக்கிறது அவன்தான். பின்னால பைக்குல ஹாரன் அடிச்சுக்கிட்டு ஒரு கூட்டம் வருதே, அவனுகளும் சத்தம்தான் குடுக்கிறானுக. ரெண்டு சத்தமும் ஒண்ணா?”

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரே புழுதியும் கூச்சலுமாக இருந்தது. முதலில் வந்த வண்டி எங்களைத் தாண்டும்போது இடப்பக்க மாடு கால் பிசகியது. பைக்குக் கூட்டம் “விரட்டு, விரட்டு” என்று கத்தியது. கீழே ஓடிய ஆள் மாட்டின் காலை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான், கயிற்றை எட்டிப் பிடித்துத் தொங்கி வண்டியை நிறுத்திவிட்டான். பந்தயம் முடிகிற கொடி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. பைக்கில் வந்தவர்கள் அவன் அம்மாவையும் அக்காவையும் இழுத்து ஏசினார்கள். அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ரோட்டிலேயே உட்கார்ந்து மாட்டின் குளம்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“போதும்னு சொல்லத் தெரிஞ்சவன்தான் ஓடுன்னு சொல்லலாம் டீச்சர்” என்றார் அவர். “கூட ஓடுனாத்தான் மாட்டுக்கு மூச்சு வாங்குறது தெரியும். பைக்குல வந்தா என்ன தெரியும்?”

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். சியர் ஆன் என்றால் கூட ஓடுகிறவன், எக் ஆன் என்றால் பைக்கில் வருகிறவன். ஒரு பிள்ளைகூட அதன் பிறகு தப்பு விடவில்லை. நான் ஓய்வு பெறும் வரைக்கும் எந்த வகுப்பானாலும் அப்படியேதான் சொல்லிக் கொடுத்தேன்.

இனி அமலி கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்ற வருஷம் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தவள். காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி உள்ளே போனால் ஒரு மாதா கோயிலும் அதைச் சுற்றி வீடுகளுமாக ஒரு ஊர் இருக்கிறது. நானும் அவளும் அந்த ஊர்தான். அவள் அப்பா சவரிமுத்து திராட்சைத் தோட்டத்தில் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலை பார்க்கிறவர். அமலி கணக்கில் கெட்டிக்காரி. மற்றதெல்லாம் சுமார். உயிரியல் செய்முறை வகுப்பில் தவளைப் படத்தைப் பார்த்தே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளை.

அந்த வருஷம் பள்ளிக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைத்து வந்தார்கள். கோட்டு, காதில் மாட்டிய மைக், பின்னால் தடதடவென்று பாட்டு. பெற்றோர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக மேடைக்கு ஏற்றி, “நீ யார்? உரக்கச் சொல்!” என்று கேட்டார். ஒருவன் கலெக்டர் என்றான், ஒருத்தி விமானி என்றாள். கைதட்டல் காதைப் பிளந்தது. அமலி முறை வந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அந்த மனுஷன் விடவில்லை. “இந்தத் தங்கச்சி மனசுல ஒரு டாக்டர் தூங்குறாங்க, எழுப்பிவிடுவோமா?” என்று கூட்டத்தைக் கேட்டார். கூட்டம் “டாக்டர், டாக்டர்” என்று கத்த ஆரம்பித்தது. ஆசிரியர்களும்தான் கத்தினார்கள். எவ்வளவு நேரம்தான் ஒரு பிள்ளை தாங்கும்? “டாக்டர்” என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடிவந்துவிட்டாள். சவரிமுத்து கடைசி வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று ஆசிரியர் அறையில் நான் சண்டைதான் போட்டேன். “அந்தப் பிள்ளை வாயைத் திறக்கும் முன்னாடியே நீங்க எல்லாரும் சேர்ந்து அவ வாயில வார்த்தையத் திணிச்சீங்களே, இது என்ன நியாயம்?” என்றேன். “விடுங்க டீச்சர், பிள்ளைகள ஊக்குவிக்கிறது ஒரு தப்பா? நீங்க எதையும் நெகட்டிவாவே பாக்குறீங்க” என்றார்கள். அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும் வரை எனக்கு அங்கே நெகட்டிவ் டீச்சர் என்றுதான் பெயர். போகட்டும், அந்தப் பெயரால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பேச்சாளர் வந்த காரிலேயே போய்விட்டார். அவருக்கு அமலி என்ற பெயர்கூடத் தெரியாது. ஊர் அதை அப்படி விடுமா? ஊர் இளைஞர் மன்றம் அடுத்த வாரமே பஸ் நிறுத்தத்தில் ஒரு பிளக்ஸ் கட்டிவிட்டது. அமலியின் பள்ளி அடையாள அட்டைப் படத்தை எடுத்து, முகத்தைச் சுண்ணாம்பாக வெளுத்து, வெள்ளைக் கோட்டு மாட்டி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் தொங்கவிட்டிருந்தார்கள். ‘எங்கள் ஊரின் வருங்கால மருத்துவரே, வருக வருக’ என்று கொட்டை எழுத்து. கீழே மன்றத்துப் பயல்களின் படங்கள் வரிசையாக, ஒவ்வொருவனும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. பரீட்சையே எழுதாத பிள்ளைக்கு வரவேற்பு! இந்தக் கூத்து நம் பக்கத்தில்தான் நடக்கும்.

அந்த வருஷம் நீட் தேர்வில் அமலிக்குக் கிடைக்கவில்லை. “அடுத்த தடவ பாத்துக்கலாம் ஆத்தா” என்றது ஊர். கம்பத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டார்கள். அடுத்த வருஷமும் கிடைக்கவில்லை. அதற்குள் வெயிலில் பிளக்ஸ் வெளுத்து, அதில் அமலியின் பல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. யாரும் அதை அவிழ்க்கவில்லை. மூன்றாவது தடவைக்கு மறுபடியும் பயிற்சி நிலையத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் கம்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பெரிய பையோடு அமலி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னால், ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தலைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் இறங்கிப் போனாள். உச்சி வெயில். நடத்துநரிடம் கேட்டேன்.

“இந்தப் பிள்ள ஏன் இங்கன இறங்குது?”

“அது தெனமும் இங்கனதான் டீச்சர் இறங்கும். தோட்டத்துக்குள்ள நடந்தே போயிரும். வருசத்துக்கு மேல ஆச்சு. நான்கூட அப்பாவப் பாக்கப் போகுது போலன்னு நெனச்சேன். அவுக அப்பாரு இந்தத் தோட்டத்துல வேலையே பாக்கலையாம்.”

பஸ் எங்கள் ஊரில் நின்றது. இறங்கி நிமிர்ந்தால் நேர் எதிரே அந்தப் பிளக்ஸ். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் அவளோடு நானும் அங்கேயே இறங்கினேன். திடுக்கிட்டுப் போனாள். பந்தலுக்கு அடியில் கொஞ்ச தூரம் நடந்தோம். அவளாகவே சொன்னாள்.

“அதுல நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன் டீச்சர். அதுக்குக் கீழ நடந்து போக முடியல. டீக்கடையில இருக்கவுக எல்லாம், என்ன டாக்டரம்மா, எப்ப ஊசி போடுவீகன்னு கேக்குறாக. பாசமாத்தான் கேக்குறாக. சில நாளு வீட்டுக்கே போக வேணாம்னு இருக்கும்.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “உனக்கு என்ன படிக்கணும்?” என்றேன்.

நின்றுவிட்டாள். “கணக்கு டீச்சர். பக்கத்துக் காலேஜுல பி.எஸ்சி. கணக்குக்கு எடம் இருக்கு. விசாரிச்சு வச்சிருக்கேன். நாளைக்கோட சேர்க்கை முடியுது. அப்பாட்ட எப்பிடிச் சொல்றது? ஊரே போர்டு வச்சிருக்கே.”

நாளையோடு முடிகிறது! அப்போதே நேரம் மூன்று மணி இருக்கும். அவளை என் வீட்டில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னேன். எங்கும் போகாதே, நான் வரும் வரை இங்கேயே இரு என்று சொல்லி, என் தங்கையையும் துணைக்கு வைத்தேன். ஒரு பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டாம் போலிருக்கிறது என்று சொன்னால், அதைச் சும்மா சலிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குத் தனியே விடாதீர்கள். மற்ற எல்லா வேலையும் அதற்குப் பிறகுதான்.

நேரே சவரிமுத்துவிடம் போயிருக்கலாம். போனால் அவர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். போர்டு அங்கே நிற்கும் வரை அந்த மனுஷனால் வாயைத் திறக்க முடியாது. அதனால் முதலில் மன்றத்துக்குப் போனேன். கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். தலைவன் பிரிட்டோ என் பழைய மாணவன். ஆள் மாட்டுவண்டிப் பந்தயத்தில் துணைச்சாரதி. கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் பந்தயம் நடந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “வாங்க டீச்சர், என்ன இம்புட்டுத் தூரம்?” என்றான்.

“ஏலே பிரிட்டோ, அந்தப் போர்டை எப்ப அவுக்கப் போற?”

“அமலி பாஸ் ஆகட்டும் டீச்சர். அத எடுத்துட்டு இதவிடப் பெருசா வைப்போம்.”

எனக்கு வந்ததே கோபம். கேரம் போர்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். காய்கள் நாலா பக்கமும் சிதறின. “பந்தயத்துல ஓடையில மாடு நொண்டுனா நீ என்னடா செய்வ?” என்றேன்.

பயல் முழித்தான். “நிப்பாட்டிருவேன் டீச்சர்.”

“கொடி கிட்டக்க இருந்தா?”

“இருந்தாலும் நிப்பாட்டிருவேன். மாட்டு காலு முக்கியமில்லையா?”

“ஊர்க்காரன் ஏசுனா?”

“ஏசிட்டுப் போறான். அவனா ஓடுறான்?”

“நல்லாச் சொன்ன. ரெண்டு வருசமா ஒரு பிள்ள நொண்டுது. நீ பைக்குல உக்காந்துக்கிட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டிருக்க. அந்தப் பிள்ள உன் போர்டைப் பாக்க முடியாம ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கி, கொளுத்துற வெயில்ல தோட்டத்துக்குள்ள பூந்து வருதுடா. உனக்குத் தெரியுமா?”

கூட இருந்த ஒருவன், “நாங்க நல்லதுக்குத்தானே டீச்சர் வச்சோம்” என்று இழுத்தான். “சும்மா இருலே” என்றான் பிரிட்டோ. ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். டீக்கடையில் இருந்தவர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். அவன் கயிற்றை அறுத்துப் பிளக்ஸைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, “வாங்க டீச்சர், சித்தப்பாவப் பாப்போம்” என்றான். சவரிமுத்து அவனுக்குச் சித்தப்பா முறை.

போகும் வழியில் என் வீட்டில் அமலியை அழைத்துக்கொண்டோம். தான் வேலை பார்க்கும் தோட்டத்தில் கத்தரியும் கையுமாக நின்ற சவரிமுத்து, சுருட்டிய பிளக்ஸைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போனார்.

“யாரு அவுக்கச் சொன்னா? எம்புள்ளயால ஆகாதுன்னு முடிவே கட்டிட்டீகளா? என்ன டீச்சர், படிச்ச நீங்களே இப்பிடிப் பண்ணலாமா?”

“நான்தான் வச்சேன், நான்தான் அவுத்தேன் சித்தப்பா” என்றான் பிரிட்டோ. “எவனாச்சும் கேட்டா எங்கிட்ட வரச் சொல்லு. நீ மொதல்ல அமலிகிட்டப் பேசு.”

சவரிமுத்து மகளைப் பார்த்தார். அவள் என் பின்னால் நின்றாள். அவர் குரல் இறங்கியது. “என்ன ஆத்தா? சொல்லு. உனக்கு என்னதான் வேணும்?”

“கணக்குப் படிக்கணும்ப்பா.”

“அத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“யாரும் கேக்கலையேப்பா. எல்லாரும் கையத் தட்டுனாக.”

அந்த மனுஷன் கத்தரியைக் கீழே போட்டுவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு மண்டபம் நிறையப் படித்தவர்கள் இருந்தோம். அந்த ஒரு கேள்வியை அவளிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை என்பதை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் சவரிமுத்தும் அமலியும் கல்லூரிக்குப் போனார்கள். பிரிட்டோவும் போனான். பந்தயம் இருந்த நாள், அதை விட்டுவிட்டுப் போனான். சாதிச் சான்றிதழ் நகல் ஒன்று குறைகிறது என்று அலுவலகத்தில் சொல்ல, வெயிலில் ஓடிப்போய் எடுத்து வந்ததும் அவன்தான். சேர்ந்துவிட்டாள். இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள். சாயங்காலம் தெருப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். எங்கள் ஊர் நிறுத்தத்திலேயே இறங்கி, டீக்கடையைத் தாண்டி, கையை வீசிக்கொண்டு நடந்து வருகிறாள்.

பிளக்ஸை சவரிமுத்து மாட்டுக் கொட்டகைக்கு மேலே போட்டிருக்கிறார். படம் உள்பக்கம் வருகிற மாதிரி. மழை பெய்தால் பிள்ளை முகம் நனையக் கூடாதாம்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் பயிற்சியில் அப்படிக் கத்தப்போகிறேன்? உங்கள் கூட்டத்துக்கு வந்த அன்று காலையில், தேனிக்குப் போகும் வழியில், வேறொரு ஊர் பஸ் நிறுத்தத்தில் புத்தம் புதிதாக ஒரு பிளக்ஸ் பார்த்தேன். பதினோராம் வகுப்புக்குக்கூடப் போயிருக்காத சின்ன முகம். ‘வருங்கால கலெக்டரே’ என்று எழுதியிருந்தது. கீழே, வாழ்த்தும் உள்ளங்கள் என்ற இடத்தில், கறுப்புக் கண்ணாடிப் பயல்களுக்கு நடுவில், கழுத்தில் அடையாள அட்டையோடு நம் ஆசிரியர்களும் நின்றார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவளிடம்தான், இரண்டும் ஒன்றுதான், பரீட்சைக்குப் போதும் என்றார் அந்தத் தம்பி.

தம்பி, நீங்கள் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கைதட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தட்டிவிட்டு அன்று சாயங்காலம் அதே பஸ்ஸில் ஏறி, அந்தப் பிள்ளை எந்த நிறுத்தத்தில் இறங்குகிறது என்று பாருங்கள்.